குருசடிச் சோலையில் கவாத்து

நல்லவர்களோடு சேர்ந்து ஒரு காரியம் செய்வதைப் போல எரிச்சல் தருவது உலகத்தில் வேறில்லை. கெட்டவன் என்றால் சண்டை போடலாம், பஞ்சாயத்தில் புகார் கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடாமல், ஃபிளாஸ்க் நிறைய எல்லாருக்கும் கட்டன்சாயாவும், தீட்டிய வாக்கத்தியுமாக வந்து நிற்கிற மனிதரை என்ன செய்ய முடியும்? சுவக்கீன் மாமாவை என்ன செய்வதென்று தெரியாமல்தான் நான் ஆறு வருஷமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனைக்கரையிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஜீப் ரோட்டில், சிலுவை நட்ட சின்னக் குருசடிக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சோலை. சுற்றிலும் ஏலக்காடு. நடுவில் இந்த எட்டு ஏக்கர் மட்டும் யாரும் வளைத்துப் போடாமல் எப்படியோ தப்பிவிட்டது. பஞ்சாயத்து நிலம். அவர்கள் கம்பிவேலி போட்டு, இரும்பு கேட் வைத்து, பல்லுயிர்ப் பூங்கா என்று மலையாளத்தில் ஒரு போர்டை மாட்டி, பராமரிப்பை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். எங்கள் என்றால் பங்குக் கோயிலைச் சேர்ந்த தன்னார்வலர்கள். வாட்ஸப் குழுவில் எழுபது பேர் இருக்கிறோம். வருவது ஐந்தாறு பேர்.

நான் டவுனில் தையல்கடை வைத்திருக்கிறேன். தேக்கடியில் வனத்துறை நடத்திய முகாம் ஒன்றுக்கு இரண்டு நாள் போய் வந்தேன். பறவை, தவளை, மலையணில் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே ஆரம்பித்ததுதான். "ரெண்டு நாள் படிப்ப வச்சிக்கிட்டு ஆறு வருஷமா அதிகாரம் பண்றா" என்று என் வீட்டுக்காரர் ஜிபி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தச் சோலையில் எது எங்கே கூடு கட்டுகிறது என்று பார்த்து வைத்திருப்பவள் நான்தான்.

முதல் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. சுற்றுலா வந்தவர்கள் வீசிய பாட்டில்களைப் பொறுக்கினோம். உண்ணிச்செடி சோலையை மூடிக்கிடந்தது. அதை வேரோடு பிடுங்கினோம். ஏலக்காட்டுக் கைகளுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. பிரச்சினை, உண்ணிச்செடி தீர்ந்துபோன பிறகு ஆரம்பித்தது. வேலை தீர்ந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று என் ஆட்களுக்குத் தோன்றாது. கை துறுதுறுக்கும்.

மதலேனம்மாள் சித்தி முப்பது வருஷம் ஏலக்காட்டில் களை எடுத்தவர். ஒரு ஞாயிறு நான் ஓடைப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் பாதையோரம் பூராவும் சருகை அள்ளிக் குவித்து, மண் தெரியப் பெருக்கி வைத்திருந்தார்.

"என்ன சித்தி இது?"

"குப்பையா கெடந்துச்சு பிள்ள."

"குப்பை இல்ல சித்தி. தவளை, ஓணான் எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. அதுக வீடு அது."

"வீட்டத்தான் பெருக்கிக் குடுத்திருக்கேன்" என்றார். அன்று நான் தலையில் அடித்துக்கொண்டதோடு விட்டேன்.

எங்கள் ஊரில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பதை அவருடைய ஏலக்காட்டைப் பார்த்தே முடிவு செய்துவிடுவோம். மழைக்கு முன்னால் நிழல்மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். ஆள் ஏறி, கிளைகளைக் கழித்து, வெளிச்சம் கீழே இறங்கும்படி விடவேண்டும். இல்லாவிட்டால் மழையில் ஏலச்செடி அழுகிப்போகும். "அவன் காடு இருட்டடைஞ்சு கெடக்கு" என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் வீட்டில் பெண் கொடுக்க யோசிப்பார்கள். சுவக்கீன் மாமாவின் மூன்று ஏக்கர் அப்படியல்ல. உள்ளே நின்று பேப்பர் படிக்கலாம். அந்த மனிதர் ஞாயிறுதோறும் வந்து நிற்பதோ, பட்டப்பகலிலும் இருட்டடைந்து கிடக்கிற எங்கள் சோலையில். குருசடிக்கு மெழுகுவத்தி கொளுத்த வருகிறவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு, "என்ன அண்ணாச்சி, ஒங்க தோட்டத்த இப்பிடிப் போட்டு வச்சிருக்கீங்க?" என்று கேலி செய்வார்கள். அவருக்கு அது எவ்வளவு தைத்தது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்த வருஷம் ஒரு சாம்பல் இருவாச்சி ஜோடி வெடிபலா மரத்துப் பொந்தில் கூடு வைத்திருந்தது. போன வருஷமும் அதே பொந்துதான். பெட்டை உள்ளே போய் உட்கார்ந்து, வாசலை மண்ணும் எச்சமும் குழைத்து அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். குஞ்சு பொரித்து, வளர்ந்து, பறக்கத் தயாராகும்வரை வெளியே வராது. அத்தனை நாளும் தாய்க்கும் குஞ்சுகளுக்கும் பழம் கொண்டுவந்து ஊட்டுவது ஆண் ஒருத்தன்தான். அவன் வரவில்லை என்றால் உள்ளே பட்டினி. அவனோ பயந்தாங்கொள்ளி. நேராகக் கூட்டுக்கு வரமாட்டான். பக்கத்து மரத்து இலைக்குள் உட்கார்ந்து, சுற்றும் முற்றும் பார்த்து, மனிதவாடை இல்லை என்று உறுதியான பிறகே கீற்றுக்குப் போவான். அவன் கத்துவது யாரோ குடித்துவிட்டுச் சிரிப்பது போல இருக்கும்.

மே மாதம் கம்பத்தில் என் அண்ணன் மகளுக்குக் கோயிலில் புதுநன்மை விழா. போவதற்கு முன்னால் குழுவில் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனேன்: "குஞ்சு வெளிய வர்ற சமயம். அந்த வெடிபலா மரத்த யாரும் தொடாதீங்க." எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். சுவக்கீன் மாமா கும்பிடு போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் பஸ்ஸை விட்டு ஜீப்பில் ஏறி வரும்போது, குருசடி வளைவில் ஏதோ தப்பாகப் பட்டது. என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. சோலைக்குள் வெயில் விழுந்து கிடந்தது.

பையோடு இறங்கி ஓடினேன். கேட்டுக்குள்ளே நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. வெடிபலாவைச் சுற்றியிருந்த மரங்களுக்கெல்லாம் கிளை கழித்திருந்தார்கள். உச்சியில் மரத்துக்கொரு கொண்டை இலை விட்டு, மிச்சத்தை வழித்திருந்தார்கள். வெட்டிய கிளைகளை நீளவாரியாகப் பிரித்து, கொடியால் கட்டி, பாதையோரம் அழகாக அடுக்கியிருந்தது. இடுப்பில் கயிற்றோடு முனீஸ்வரன் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். கம்பத்திலிருந்து மலையேறி வருகிற கவாத்துக்காரன். மழைக்கு முந்தி அவன் கிடைப்பது குதிரைக்கொம்பு. சுவக்கீன் மாமா சட்டையெல்லாம் மரத்தூளாக, சிரித்த முகத்தோடு வந்தார்.

"வந்துட்டியா பிள்ள! பாத்தியா? இப்பத்தான் பாக்க ஒரு தோட்டம் மாதிரி இருக்கு."

"இது தோட்டம் இல்ல மாமா."

"சரி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எங்காட்டுக்கு வரச்சொல்லியிருந்த ஆளுதான் முனீஸ்வரன். எங்காடு கெடக்கட்டும், மொதல்ல சோலைக்குச் செய்வோம்னு இங்கன கூட்டியாந்துட்டேன். நீ வந்து பாக்கும்போது அசந்துபோவேன்னு மதலேனம்மாகிட்டச் சொன்னேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "ஒன் மரத்தத் தொடல. நீதான் சொல்லிட்டுப் போனியே. ஒரு கீறல் விழக்கூடாதுன்னு முனீஸ்வரன்ட்ட பத்துத் தடவ சொன்னேன். போய்ப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. சுற்றிலும் இலையே இல்லாத இடத்தில் வெடிபலா தன்னந்தனியாக நின்றது. பொந்தின் வாசலில் நேர்வெயில் அடித்தது. கீற்றுக்குள் பெட்டையின் அலகு நுனி வெளியே வந்து திறந்து திறந்து மூடியது. ஆண் எங்கே? ஓடைப்பக்கத்து அத்திமரத்தில், வெகு தூரத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் முனீஸ்வரன் இன்னும் ஏறவில்லை. அதன் அலகில் பழம் இருந்தது. ஒரு தடவை பறந்து பாதி தூரம் வந்தது. உட்கார மறைவு இல்லை. திரும்பிப் போய்விட்டது.

"முனீஸ்வரண்ணே, இத்தோட நிறுத்துங்க. கயித்தச் சுருட்டுங்க" என்றேன்.

"ஓடைப்பக்கம் பாக்கி இருக்கே தாயி. அரைகொறையா விட்டா நல்லாருக்காது."

"நல்லாருக்க வேண்டாம்!" என்று கத்தினேன். சுவக்கீன் மாமா என்னையும் முனீஸ்வரனையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏன் கோபப்படுகிறேன் என்று அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது.

உட்கார்ந்து விளக்கினேன். ஆண் வர மறைவு வேண்டும், வராவிட்டால் உள்ளே இருப்பவை செத்துப்போகும் என்று. கேட்டுக்கொண்டே வந்தவரின் முகம் வாடியது. "அப்பிடியா? அது இத்தன மரத்தப் பாத்தா வருது?" என்று கேட்டார்.

அதற்குள் ஜோஜோ வேலையைக் காட்டிவிட்டான். செல்போன் கடை வைத்திருக்கிறவன், எங்கள் குழுவின் படப்பிடிப்பாளன். இலை மறைப்பு போய்விட்டதால் கூடு ரோட்டிலிருந்தே தெரிந்தது. பெட்டையின் அலகு கீற்றில் வருவதை வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கேட்டருகே ஜீப்புகள். வண்டன்மேட்டிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக் காட்டினார்கள். வார்டு மெம்பர் விருந்தாளிகளோடு வந்து, "வேழாம்பல்! நம்முடெ வார்டில்!" என்று இருவாச்சியின் மலையாளப் பேரைச் சொல்லிப் பூரித்தார். ஒரு பெண் பப்பாளித் துண்டைக் காகிதத்தில் வைத்து மரத்தடியில் படைத்துவிட்டுப் போனார். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினேன். எல்லாரும் என்னிடம் மிகவும் மரியாதையாக, "சரிம்மா, ஒரே ஒரு போட்டோ" என்றார்கள்.

குழுவில் எழுதினேன்: "தயவுசெய்து யாரும் சோலைக்கு வராதீங்க." உடனே ஒருவர், "எந்த எடத்துக்கு வரக்கூடாது அக்கா?" என்று கேட்டார். நான் பதில் போடுவதற்குள் ஜோஜோ, யாரும் தெரியாமல் வந்துவிடக் கூடாதே என்று, வரக்கூடாத இடத்தின் லொக்கேஷனை அனுப்பிவிட்டான். சாயங்காலம் கூட்டம் இரண்டு மடங்காயிற்று. வந்த கொதிப்பில் போனைத் தைக்கக் கிடந்த துணிக்குவியலுக்குள் வீசினேன்.

அன்று முழுக்க ஆண் அத்திமரத்தை விட்டு அருகில் வரவில்லை. சும்மா உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் சோலைக்குப் போனேன். கூட்டம் இல்லை. நிம்மதியாக மூச்சுவிட்டு உள்ளே போனால், வெடிபலாவைச் சுற்றி நான்கு மூங்கில் கழிகள் நட்டு, பச்சை வலை கட்டிக்கொண்டிருந்தார் சுவக்கீன் மாமா. ஏல நாற்றுக்கு மேலே நிழலுக்குக் கட்டுகிற வலை. அவருடைய நாற்றங்காலிலிருந்து அவிழ்த்துக் கொண்டுவந்திருந்தார். மதலேனம்மாள் சித்தி கழியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நெழல் போச்சுன்ன. ராத்திரியெல்லாம் ஒறக்கமில்ல. நெழலக் கொண்டாந்துட்டேன்" என்றார் மாமா ஏணியில் நின்றபடி. காற்றில் வலை படபடவென்று அடித்தது. கீற்றில் அலகைக் காணோம். பெட்டை உள்ளே பின்வாங்கிவிட்டது.

"எறங்குங்க மாமா."

"இந்த ஒரு முடிச்சுதான்..."

"எறங்குங்கன்னு சொல்றேன்! என்ன மாமா நெனச்சிட்டிருக்கீங்க? இதென்ன ஏல நாத்தா? வெட்டாதன்னா சுத்தி வெட்டுறீங்க. நெழல்னா வலையைக் கட்டுறீங்க. ஒங்களால ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, கையக் கட்டிட்டு இருக்க முடியாதா? நீங்க வராம இருந்தாலே போதும். அதுதான் இந்தச் சோலைக்கு நீங்க செய்ற பெரிய ஒத்தாசை!"

மதலேனம்மாள் சித்தி, "ஏட்டி, யார்ட்டப் பேசுறேன்னு பாத்துப் பேசு" என்றார். மாமா ஏணியிலிருந்து இறங்கினார். கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலையைச் சுருட்டி, கழிகளைப் பிடுங்கி, குழிகளில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்தார். அந்த நேரத்திலும் மண்ணைச் சமமாக மிதித்தார். ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். சொன்ன விதம் சரியில்லை என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்து அன்றைக்கு ஒரு தையலும் ஓடவில்லை.

அடுத்த இரண்டு நாளும் கேட்டருகே நானே நின்றேன். வந்தவர்களுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை. தையல்கடை நிமி என்ன, வாச்சரா? "பஞ்சாயத்து எடம்தானே" என்று சொல்லிக் கேட்டைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கேட்டுக்குப் பூட்டு கேட்டால் மெம்பர், அடுத்த கமிட்டியில் பேசலாம் என்றார். ஆண் பழத்தோடு வருவதும் திரும்புவதுமாக இருந்தது. உள்ளே எத்தனை குஞ்சு, எந்த நிலைமையில் இருக்கிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இந்த ஊரில் ஒருவர் கை காட்டினால் ஜீப்பு நிற்கும் என்றால், அது சுவக்கீன் மாமாவுக்குத்தான். எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தலில் நின்றவர். எல்லார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாகக் குழி வெட்டப் போனவர். எனக்கு வேறு வழியில்லை. வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி புஷ்பமேரி அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்னத்தச் சொன்ன அந்த மனுசன? கஞ்சியத் தொடமாட்டேங்காரு. தோட்டத்துக்குள்ள போய்ச் சும்மா நிக்காரு."

ஏலக்காட்டுக்குள் போனேன். நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. கிளை மூடி இருட்டாகக் கிடந்தது. முனீஸ்வரன் ஒத்துக்கொண்ட நாளெல்லாம் சோலையிலேயே தீர்ந்து, கம்பத்துக்குப் போய்விட்டான். வேறு ஆள் இனி மழைக்கு முன்னால் கிடைக்கமாட்டான். இந்தப் பருவத்துச் செடி பாதி அழுகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மாமா, அன்னைக்குப் பேசினது..."

"விடு பிள்ள. வராதன்ன, வரல. நல்லாருக்கா அது?"

"நல்லால்ல. ஆளு வந்துக்கிட்டே இருக்கு. எம்பேச்ச ஒருத்தரும் கேக்கல. நீங்க வரணும்."

"வலை?"

"வலை வேண்டாம். கேட்டுல உக்காரணும். யாரையும் உள்ள விடக்கூடாது. நீங்களும் உள்ள போகக்கூடாது."

"உக்காந்து?"

"உக்காந்து இருக்கணும்."

"சும்மாவா?"

"சும்மாதான் மாமா."

"வாக்கத்தி கொண்டு வரட்டா?" என்றார். வேண்டாம் என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்பவர் போல என்னைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

அவர் வந்து உட்கார்ந்த அன்றே ஜீப்புகள் நின்றுவிட்டன. பிளாஸ்டிக் நாற்காலியைக் கேட்டுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார். "உள்ள பிள்ளப்பெத்தவ இருக்கா, போயிட்டு அப்புறமா வாங்க" என்பார். அவ்வளவுதான். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். மெம்பரையே திருப்பி அனுப்பினார். ஜோஜோவின் போனை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாயா குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆனால் அந்தக் கைகளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. முதல் நாள் நாற்காலியைச் சுற்றிப் புல் போயிற்று. அடுத்த நாள் கேட்டின் துரு போயிற்று. அதற்கடுத்து, குருசடியின் படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டார். வேலிக்கு வெளியேதானே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது கையைக் காட்டி என்னை அப்படியே நிற்கச் சொன்னார். ஓடைப்பக்கத்து அத்தியிலிருந்து ஆண் கிளம்பியது. முனீஸ்வரன் அரைகுறையாக விட்டுப்போன மரங்களின் இலைக்குள்ளேயே ஒதுங்கி ஒதுங்கி வந்தது. கடைசி வெட்டவெளியை மட்டும் ஒரே தாவலில் தாண்டி, வெடிபலாவைப் பிடித்துத் தொங்கி, கீற்றுக்குள் பழத்தைத் தள்ளியது. உள்ளிருந்து அலகு வந்து வாங்கியது. தொண்டையிலிருந்து இன்னொன்று எடுத்தது. இன்னொன்று.

"வெட்டாத பக்கமாவேதான் வருது" என்றார் மாமா மெதுவாக. "நாலஞ்சு தடவ பாத்துட்டேன். வெட்டாத பக்கமாவேதான்."

அப்பவே சொன்னேனே என்று சொல்ல ஆசையாக இருந்தது. சாப்பாட்டை நீட்டினேன்.

முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பொந்தின் வாசல் உடைந்தது. கேட்டருகே நின்றே பார்த்தோம். பெட்டை மெலிந்துபோய், அழுக்கு இறகோடு, நெருக்கி நெருக்கி வெளியே வந்து கிளையில் உட்கார்ந்தது. பின்னாலேயே ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. தயங்கி, விழப்போய், இறக்கையை அடித்து, எப்படியோ ஓடைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீர். நான் பொந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வரை பார்த்தேன்.

"என்ன பிள்ள, இன்னும் பாக்குற?"

"போன வருஷம் மூணு வந்துச்சு மாமா."

அவர் சிரிப்பு நின்றது. "இன்னும் வருமா?"

"வந்தா இந்நேரம் வந்திருக்கும்."

அவர் தொப்பியைக் கழற்றினார். நாற்காலியில் போய் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் உள்ளே இருந்தது ஒரு குஞ்சுதானோ என்னவோ என்று சொல்லியிருக்கலாம். அதுவும் நடக்கக்கூடியதுதான். கோபத்திலா, உண்மைக்காகவா, தெரியவில்லை, நான் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு கோயில் ஹாலில் கூட்டம். கேக் வெட்டினார்கள். ஜோஜோ குஞ்சின் படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். ஒருவர் எழுந்து, வெளிச்சம் விழுந்ததால்தான் குஞ்சு நல்லபடியாக வந்தது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இன்னொருவர், இனி வருஷா வருஷம் சோலைக்குக் கவாத்து எடுப்போம், ஏப்ரலிலேயே எடுத்தால் இன்னும் நல்லது, ஓடைப்பக்கத்தையும் விடவேண்டாம் என்றார். அதற்கும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து கத்தினால் என்ன நடக்கும் என்று தெரியும். சரிம்மா என்பார்கள்.

சுவக்கீன் மாமா எழுந்தார். அவர் எந்தக் கூட்டத்திலும் பேசியவரில்லை.

"வெட்டச் சொன்னது நான். வெட்டினதாலதான் அந்தப் பறவ கூட்டுக்கு வரப் பயந்துச்சு. நான் கேட்டுல உக்காந்து பாத்தேன். போன வருஷம் மூணு. இந்த வருஷம் ஒண்ணு" என்றார். "இனிமே அங்க ஒரு கிளைய யாரும் தொடக்கூடாது. சருக அள்ளக்கூடாது. உள்ளயே போகக்கூடாது."

"அப்ப நாங்க என்ன வேலதான் செய்றது?" என்று கேட்டார் மதலேனம்மாள் சித்தி.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். மொற வச்சு வந்து கேட்டுல உக்காரணும். அதுதான் வேல."

எல்லாரும் கை தட்டி ஒத்துக்கொண்டார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் நினைத்தது நடந்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு கேட்டுக்கு ஒருவரும் வரவில்லை. மதலேனம்மாள் சித்தி வரவில்லை. ஜோஜோ வரவில்லை. சுவக்கீன் மாமா மட்டும் வாக்கத்தி இல்லாமல், என்ன செய்வதென்று தெரியாத இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குழுவில், "ஏன் யாரும் வரல?" என்று கேட்டேன். பத்துப்பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

குருசடிப் படியோரம் தரையில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினேன். "கிளைய வெட்டணும்னா விடியறதுக்கு முன்னால வந்து நிப்பாங்க. சும்மா இருன்னா ஒருத்தருக்கும் நேரமில்ல. இதுக்குப் பேரு தொண்டா? உக்காந்து பாக்கக்கூடப் பொறுமை இல்லாதவங்களுக்குப் பறவை எதுக்கு, சோலை எதுக்கு? கை அரிப்பத் தீத்துக்கத்தான வந்திருக்காங்க இத்தன வருஷமும்!"

"நீதான வராதீங்கன்னு மெசேஜ் போட்ட" என்றார் மாமா.

"அது அப்போ!"

ஓடைப்பக்கத்திலிருந்து இருவாச்சி சிரித்தது. நான் நிறுத்தவில்லை. பஞ்சாயத்தை, மெம்பரை, ஜோஜோவை, எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். மாமா வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பிள்ள" என்றார்.

"என்ன மாமா?"

"கையப் பாரு."

பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு வெறும் மண் தெரிந்தது. என் பிடியில் வேரோடு புல் இருந்தது.